அவிநாசியிலிருந்து ஒரு வெந்நீர்ப் பிரயாணம்

முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரமூர்த்தி நாயனார் சில ஆண்டுகள் கழித்து வந்து பதிகம் பாடி மீட்டார் என்பது அவிநாசித் தலத்தின் புராணம். மீண்டு வந்த பிள்ளை, இடையில் கழிந்த ஆண்டுகளுக்குரிய வளர்ச்சியோடு கரையேறினான் என்று அர்ச்சகர்கள் சொல்லக் கேட்கும்போதெல்லாம், காலக்கணக்கை அத்தனை ஒழுங்காக வைத்திருந்த அந்த முதலையை மெச்சாமல் இருக்க என்னால் முடிந்ததில்லை. கருணாம்பிகை சந்நிதியிலிருந்து வெளியே வரும்போது இதை என் தங்கை மகனிடம் சொன்னேன். அவன் மெல்போர்னில் குடியிருப்பவன். எதையும் ரசாயனமாகப் பார்க்கிறவன். “ஏனுங் மாமா, முதலைக்கு நேரம் மட்டும் தெரிஞ்சாப் போதுங்களா? வயித்துச் சூடும் தெரிஞ்சிருக்கோணுமுங்க” என்றான். அந்த விபரீதமான வாக்கியத்திலிருந்துதான் எங்கள் நீலகிரிப் பிரயாணத்தின் உத்தேசம் பிறந்தது.

அவனுக்கு அங்கே வீட்டில் பீர் வடிக்கும் பழக்கம் உண்டு; நேரத்தோடு சூட்டையும் கணக்கில் வைக்க வேண்டிய காரியம் அது. ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு அது குற்றமன்று, விற்றால்தான் குற்றம். இங்கே அது நடவாது. ராஜாஜியின் மந்திரிசபை 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கை முதன்முதல் தொடங்கியது கொங்கு நாட்டின் கீழ்வாசலாகிய சேலம் ஜில்லாவில்தான். அவ்வாண்டில் இயற்றிய சட்டமே, திருத்தங்கள் பலவற்றைச் சுமந்துகொண்டு, இன்றும் நிற்கிறது. சர்க்காரே மதுக்கடை நடத்தும் ராஜ்யத்தில் ஒரு குடும்பஸ்தன் தன் அடுக்களையில் ஒரு பானை பீர் வடிக்கக் கூடாது என்பதில் உள்ள நியாயத்தை நான் விசாரிக்கப் போவதில்லை; மது அருந்தாதவனாகிய எனக்கு அந்த விசாரணையில் லாபமும் இல்லை. ஆகவே, ஈஸ்ட்டும் பார்லியும் இல்லாமல், நொதிக்கக்கூடிய வஸ்து எதுவும் இல்லாமல், ஒரு நீண்ட உஷ்ணமானியும், அவன் பெங்களூரில் வாங்கிவந்த ஒரு பொட்டலம் ஹாப் பூவும் மட்டும் எங்கள் பையில் ஏறின.

ஹாப் என்பது குளிர்நாட்டுக் கொடி. கஞ்சாவின் குலத்தைச் சேர்ந்ததாயினும் அந்தப் போதை இதற்கு இல்லை. பெண் கொடியில் செதில் செதிலாகத் தொங்கும் பூங்கொத்தில், செதில்களின் அடியில் மஞ்சள் பொடியாக ஒரு பிசின் சுரக்கிறது. பீரின் கசப்பும் வாசனையும் அந்தப் பொடிக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. கோடைப் பகல் நீண்டிருக்கும் தேசங்களில்தான் அது செழித்துப் பூக்கும் என்பதால், நீலகிரியின் குளிர் எத்தனைதான் ஐரோப்பியக் குளிரை ஒத்திருந்தாலும் ஹாப் அங்கே வேரூன்றவில்லை. இந்தியாவில் அதைப் பார்க்க வேண்டுமானால் இமாசலத்தின் லாஹுல் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். எங்கள் பொட்டலத்தில் இருந்தது கேஸ்கேட் என்னும் ஜாதி. அமெரிக்காவின் ஆரிகன் ராஜ்யத்தில் உருவாகி 1972இல் வெளிவந்தது. பூவாக அல்ல, அரைத்து அழுத்திய பச்சைக் குச்சிகளாக அது இருந்தது. மாட்டுத் தீவனக் குச்சியைத் தினமும் பார்க்கும் எங்கள் ஊர்க்காரர் எவரும் அதைத் தொட்டியில் கொட்டியிருப்பார்கள். விரலால் நசுக்கி முகர்ந்தால்தான் வேறு லோகம் திறக்கிறது: பம்ப்ளிமாஸ் தோல், புல், கொஞ்சம் பிசின்.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை எங்கள் வீட்டு அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீர் தளதளவென்று கொதிக்கையில் அவன் உஷ்ணமானியை முக்கினான். என் மனைவி எட்டிப் பார்த்து, “சுடுதண்ணிக்கே காய்ச்சல் பாக்கறீங்களா?” என்று கேட்டாள். கண்ணாடிக் குழாய் 99 டிகிரியைத் தொட்டும் தொடாமலும் நின்றது. கடல் மட்டத்துக்கு 300 மீட்டருக்கு மேலே இருக்கும் கொங்குச் சமவெளியில் தண்ணீர் நூறில் கொதிப்பதில்லை என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்தும் அதுவரை நான் கண்ணால் கண்டதில்லை. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும். காற்றின் அழுத்தம் குறையக் குறையக் கொதிநிலையும் இறங்கும். “நாளைக்கு மேலே போகப் போக இது எங்கே வந்து நிக்குதுன்னு பாருங்க, அப்பத்தான் நான் ராத்திரியெல்லாம் எதுக்குத் தலையை உடைச்சுக்கறேன்னு தெரியும்” என்றான் மருமகன்.

விடியுமுன்னே கருவலூரையும் அன்னூரையும் கடந்தோம். இந்தச் சாலையின் இருமருங்கிலும் பல தலைமுறையாக வறண்டு கிடந்த குளங்குட்டைகளுக்கு இப்பொழுது பவானி நீர் குழாயில் வருகிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே மிகையாகப் போகும் தண்ணீரை இறைத்து 1,045 நீர்நிலைகளுக்கு அனுப்புவதற்கென்று கட்டியது. அன்னூரின் ஒரு குட்டையில் தண்ணீர் நிற்பதை இருட்டிலும் வண்டியை நிறுத்திப் பார்த்தோம். வேறொரு சமயமாக இருந்தால் இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் குட்டையைப் பற்றியே இருந்திருக்கும்.

மேட்டுப்பாளையத்தில் காலை மலை ரயில். 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் போட்ட பாதை. கல்லாற்றுக்கு அப்பால் தண்டவாளங்களின் நடுவே பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு எஞ்சின் நம்மைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறுகிறது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் அது தண்ணீர் குடிக்கும் இடைவேளையில் எல்லாரும் இறங்கிப் படம் பிடிக்க, மருமகன் எனக்கு ஹாப்பின் சாஸ்திரத்தை உபதேசம் செய்தான். அதன் சாராம்சம் இது.

முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் வருவது ஒரு தித்திப்பான சாறு. அதை ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ கொதிக்கவைக்கிறார்கள். கொதி தொடங்கும்போதே போட்ட ஹாப் கசப்பைத் தருகிறது. ஏனெனில் பிசினிலுள்ள ஆல்பா அமிலங்கள் தண்ணீரில் எளிதில் கரையாதவை, நீடித்த உஷ்ணத்தில் அவற்றின் உருவம் மாறினால்தான் கரைந்து நாக்கைத் தீண்டும். ஆனால் அதே பொடியில் இருக்கும் வாசனைத் தைலங்கள் அந்த ஒரு மணி நேரத்தில் ஆவியோடு போய்விடுகின்றன. கசப்பு வேண்டுமானால் முதலில் போட வேண்டும். வாசனை வேண்டுமானால் கடைசியில் போட வேண்டும். இது வரையில் எவருக்கும் விளங்கும். சங்கடம் எல்லாம் அந்தக் ‘கடைசி’ எது என்பதில்தான் வருகிறது. கடைசி கால் மணி நேரமா, கடைசி ஐந்து நிமிஷமா, அடுப்பை அணைத்த கணமா, அணைத்து ஆறின பிறகா? ஒவ்வொரு செய்முறையும் நிமிஷத்தைச் சொல்கிறது. அந்த நிமிஷத்தில் பானையின் உஷ்ணம் என்ன என்று சொல்வது அபூர்வம்.

ஆரிகன் ராஜ்யச் சர்வகலாசாலையில் இந்த உருமாற்றத்தின் வேகத்தை அளந்து 2005இல் வெளியிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கின்படி 100 டிகிரியில் நடக்கும் வேகத்தில் பாதிக்கும் குறைவாகவே 90 டிகிரியில் நடக்கும். 80 டிகிரியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. 70இல் பதினாறில் ஒரு பங்கு. ஆக, கொதி அடங்கியதும் கசப்பு ஏறுவது நின்றுவிடும் என்பது பிரமை. 20 லிட்டர் சாறு உள்ள பாத்திரத்தை அடுப்பணைத்து மூடிவைத்தால் அது 85 டிகிரிக்கு இறங்கவே அரை மணி நேரமும் ஆகலாம். வாசனைக்கென்று அணைத்த கணத்தில் போட்ட ஹாப், அந்த அரை மணி நேரத்தில், கொதியில் கால் மணி நேரம் கிடந்த ஹாப் தரும் கசப்பைத் தந்துவிடும். பெரிய மதுசாலைகளின் ராட்சசக் கொப்பரைகளில் சாறு ஆறுவது இன்னும் மந்தம். ஆகையால் அங்கே எழுதிய ‘பூஜ்ய நிமிஷம்’ வீட்டுப் பானையின் பூஜ்ய நிமிஷமாகாது.

குன்னூர் நிலையம் சுமார் 1,700 மீட்டர் உயரம். அங்கே ஒரு டீக்கடையில் கெட்டில் கொதிக்கும்போது அனுமதி கேட்டு அளந்தோம்: 94க்குச் சற்று மேல். கடைக்காரர், தண்ணீரின் யோக்கியதையைச் சோதிக்க வந்த அதிகாரிகள் என்று எங்களை நினைத்து, கேட்காமலே சர்க்கரையைக் கூட்டிப் போட்டார்.

குன்னூரைத் தாண்டி வெலிங்டன், அருவங்காடு, கேத்தி என்று ரயில் வளைந்து போகும் இந்தப் பள்ளத்தாக்குகளைச் சுற்றித்தான் தென்னிந்தியாவின் பீர்ச் சரித்திரம் கொஞ்சம் புதைந்து கிடக்கிறது. வெலிங்டன் பாசறையின் வெள்ளைச் சிப்பாய்களுக்குத் தாகம் இருந்தது. சமவெளியின் வெக்கையில் கெட்டுப்போகும் சாறு இங்கே பனிக்கட்டி இல்லாமலே நிதானமாக நொதித்தது. தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915இல் தென்னாட்டின் ஐந்து மதுசாலைகளைச் சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸ் கம்பெனியை ஸ்தாபித்தபோது, அவற்றுள் மூத்தது 1857ஆம் ஆண்டைத் தன் பிறப்பாகச் சொல்லிக்கொண்ட காசில் ப்ரூவரி. இன்னொன்றின் பெயரிலேயே நீலகிரி இருந்தது. இன்று பெங்களூரின் பெருமையாகப் பேசப்படும் வியாபாரத்தின் வேர்களில் ஒன்று இந்த மலையில் இருந்ததைக் கோயம்புத்தூர்க்காரர்களே மறந்துவிட்டார்கள். ரயில் ஜன்னலிலிருந்து பார்த்தால் கண்ணில் படுவது தேயிலையும், அருவங்காட்டில் 1904இலிருந்து நடக்கும் வெடிமருந்துத் தொழிற்சாலையின் வேலியுமே.

அதற்கும் முன்னால், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், லண்டன் போ ப்ரூவரியின் ஹாட்ஜ்சன் அனுப்பிய பீப்பாய்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பூமத்தியரேகையை இரண்டு முறை தாண்டி, பல மாதம் கடலில் ஆடி நம் துறைமுகங்களுக்கு வந்துகொண்டிருந்தன. அந்தப் பீர் கெடாமலிருக்க ஹாப்பை மிகுதியாகச் சேர்த்தார்கள். ஹாப்பின் கசப்புக்குப் புளிக்கவைக்கும் கிருமிகளை அடக்கும் குணம் உண்டு. கொதியில் போட்டது போதாதென்று, பீப்பாயை அடைக்குமுன் உலர்ந்த ஹாப்பை ஒரு கைப்பிடி உள்ளேயே திணித்தும் அனுப்பினார்கள். கடைசியில் ஹாப் சேர்ப்பதில் இதற்கு மேல் கடைசி கிடையாது. உஷ்ணமே இல்லை, ஆகவே புதுக் கசப்பும் இல்லை. வாசனை மட்டும் மெல்ல மெல்ல இறங்கும். உலகமெங்கும் இன்று இந்தியாவின் பெயரைத் தாங்கி விற்கும் அந்த வகைப் பீருக்கு நம் தேசம் அளித்தது தூரம் ஒன்றுதான். ஆனாலும் பெயரைக் கொண்டுபோனதை நான் ஆட்சேபிக்கவில்லை.

உதகையில் நாங்கள் தங்கிய விடுதியின் சமையற்காரர் அனுபவசாலி. பருப்பைக் குக்கரில் ஏற்றாமல் வேகவைத்துப் பார்த்ததுண்டா என்று கேட்டதற்கு அவர் எங்களை இரக்கத்தோடு பார்த்தார். குக்கரின் ரகசியம் எங்களைத் தள்ளிக்கொண்டுவந்த எஞ்சினின் ரகசியமே: ஆவியை அடைத்து அழுத்தினால் தண்ணீர் நூறைத் தாண்டியும் தண்ணீராகவே நிற்கும். திறந்த பானைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சார்லஸ் டார்வின் 1835இல் ஆண்டீஸ் மலையைக் கடந்தபோது, இரவெல்லாம் கொதித்தும் உருளைக்கிழங்கு வேகாததைக் கண்ட அவருடைய ஆட்கள் குற்றத்தைப் பானையின்மேல் சுமத்தினார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். உருளைக்கிழங்குக்குப் பேர்போன உதகையில் அந்தச் சம்பவம் எனக்கு நினைவு வந்தது இயல்புதான்.

சமையலறையில் பானை பொங்கிக் கொதிக்கும்போது உஷ்ணமானி 93ஐக் கூட எட்டவில்லை. மருமகன் காகிதத்தில் கணக்குப் போட்டான். இந்தக் கொதியில் ஹாப்பின் கசப்பு, கடற்கரைக் கொதியின் வேகத்தில் பாதிக்குச் சற்று மேலான வேகத்திலேயே இறங்கும். அவிநாசியில் 35 நிமிஷத்தில் கிடைக்கும் கசப்புக்கு இங்கே ஒரு மணி நேரம் வேண்டும். காசில் ப்ரூவரியின் காலத்து மதுக்காரர்கள் இதை எப்படிச் சமாளித்திருப்பார்கள்? ஹாப்பைக் கூட்டியிருக்கலாம், விறகைக் கூட்டியிருக்கலாம். ரசாயனக் காரணம் அவர்கள் காலத்தில் எவருக்கும் தெரிந்திராது. பெங்களூரில் இன்று விடுதியிலேயே வடித்து ஊற்றுகிறவர்களுக்கும், 900 மீட்டர் உயரத்தில் 97 டிகிரிக் கொதியோடு, இதே சங்கடம் சிறிய அளவில் இருக்கத்தான் வேண்டும்.

பிறகு அந்தப் பரீட்சை. ஒரே எடைப் பூவை இரண்டு பாத்திரங்களில் போட்டோம். ஒன்று திறந்த கொதியில் இருபது நிமிஷம்; மற்றது, கொதித்த நீரை 80 டிகிரிக்கு ஆறவிட்டு, பூவைப் போட்டு, மூடி, அதே இருபது நிமிஷம். முதற்பாத்திரம் கொதிக்கும்போது சமையலறை முழுவதும் பம்ப்ளிமாஸ் மணம் நிரம்பியது. சமையற்காரர் ஜன்னலைத் திறந்தார். அந்த நேரத்தில் எனக்கு அது ஜயம்போலத் தோன்றியது. இரண்டையும் ஆறவைத்து முகர்ந்தபோது விஷயம் புரிந்தது: அறையை நிரப்பிய மணம் தண்ணீரில் இல்லை. முதல் தம்ளரில் கசப்பும் வெந்த இலையின் வாடையும் இருந்தன. இரண்டாவதில் கசப்பு மெலிந்து, தோலை நசுக்கினால் வரும் அந்தப் பரிமளம் பெரும்பாலும் தங்கியிருந்தது. பீர் வடிக்கிறவன் தன் வீடு கமகமக்கும்போது கவலைப்பட வேண்டும் என்றான் மருமகன்.

எனக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. ஹாப் தைலத்தின் பிரதான அம்சமான மிர்சீன் 167 டிகிரியில் கொதிப்பது என்கிறார்கள். 93 டிகிரித் தண்ணீரில் அது ஏன் ஓட வேண்டும்? இதற்கு விடையை அவன் சொல்லவில்லை, காட்டினான். உதகைக்கு வெளியே சாலையோரம் ஒரு யூகலிப்டஸ் தைலக் கொட்டகை. 1843இல் கேப்டன் காட்டன் இந்த மலைக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லும் அந்த மரங்களின் இலையை ஒரு பெரிய செப்புக் கொப்பரையில் தண்ணீரோடு அடைத்து, பழைய சக்கையையே கீழே எரித்து, மணிக்கணக்காகக் கொதிக்கவைக்கிறார்கள். மூடியின் இடுக்கெல்லாம் மண் பூசியிருக்கிறது. அந்தத் தைலத்தின் கொதிநிலையும் 170 டிகிரிக்கு மேல். ஆனால் அது கொதித்துக் கிளம்புவதில்லை, தண்ணீராவியின் தோளில் ஏறிக்கொண்டு தன் கொதிநிலைக்கு வெகு கீழேயே புறப்பட்டுவிடுகிறது. ஆவி குழாய் வழியே குளிர்ந்து வடிய, தண்ணீரின்மேல் தைலம் மிதக்கிறது. “ஆவி தப்பிச்சா அன்னைக்குக் கூலி தப்பிச்சுது” என்றார் அங்கிருந்த முதியவர், மண்ணைத் தடவிக்கொண்டே. அவர் பிடிக்கிற மாதிரியான தைலத்தைத்தான் பீர்க்காரன் திறந்த பானையில் தினமும் பறிகொடுக்கிறான். தைலக்காரரின் கொப்பரையை ஒரு தரம் பார்த்தவனுக்குக் கடைசி ஹாப்பைக் கொதியில் போட மனம் வராது.

அப்படியானால் மூடிவைத்தே கொதிக்கவைத்தால் என்ன? அதற்கும் தடை இருக்கிறது. பார்லிச் சாற்றில் உஷ்ணத்தால் பிறக்கும் ஒரு கந்தக வாயு உண்டு; அது தங்கிவிட்டால் பீரில் வெந்த மக்காச்சோளத்தின் நாற்றம் அடிக்கும். அது போக வேண்டுமானால் கொதி திறந்திருக்க வேண்டும். மலைமேல் அது பிறப்பதும் மந்தமாதலால் கொதிக்கும் நேரத்தைக் கூட்டவும் வேண்டும். ஆக, திறந்து, நீளக் கொதிக்கவைத்துக் கசப்பை வாங்கிக்கொண்டு, அடுப்பை அணைத்து, 80 டிகிரிக்கு விரைவாக இறக்கி, அப்பொழுது வாசனைப் பூவைப் போட்டு மூடி, இருபது முப்பது நிமிஷம் நிறுத்தி, பிறகு ஈஸ்ட்டுக்கு ஏற்ற 20 டிகிரிக்குக் குளிரச் செய்வதே சரியான முறை என்பது அவன் முடிவு. அரைகுறையாகக் கற்றுக்கொண்ட என் முடிவும் அதுவே. உதகைக்காரனுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு: அவன் பானை 93க்குக் கீழிருந்தே இறங்கத் தொடங்குகிறது, அவன் குழாய்த் தண்ணீர் கையை மரத்துப்போகச் செய்கிறது. சித்திரை மாதத்து அவிநாசியிலோ, மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே வெதுவெதுப்பு. பானையை அதில் இறக்கிவைத்தால் 80க்கு வந்து சேர்வதற்குள் பொறுமை போய்விடும். அங்கே பனிக்கட்டி வாங்காமல் இந்தக் காரியம் ஒழுங்காக நடவாது.

கசப்புப் பூவின் கணக்கு ஊருக்கு ஊர் மாறுகிறது; அவிநாசியின் ஒரு மணி உதகையின் ஒரு மணியன்று. ஆனால் வாசனைப் பூவின் 80 டிகிரி எந்த மலையிலும் எந்தச் சமவெளியிலும் ஒன்றே. கொதிநிலைக்குக் கீழே வந்துவிட்ட பானைக்கு உயரம் என்பது பொருட்டேயில்லை. சட்டம் இடங்கொடுக்கும் தேசங்களில் இதைச் செய்துவரும் தமிழர்களுக்கு ஒரு விண்ணப்பம்: நண்பர்களுக்குச் செய்முறை எழுதியனுப்பும்போது கடைசி ஹாப்புக்கு எத்தனை நிமிஷம் என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள், எத்தனை டிகிரியில் என்பதையும், உங்கள் ஊர் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.